என் மச்சினன் சிகரெட்டை விட்ட கதை

என் மனைவியின் தம்பிக்கு அவன் வேலை பார்க்கும் சைக்கிள் கடையில் ‘கம்பி’ என்று பெயர். ஆள் ஒல்லி என்பதற்காக வைத்தார்களா, நாள் முழுக்கச் சக்கரக் கம்பிகளோடு மல்லுக்கட்டுகிறான் என்பதற்காக வைத்தார்களா, தெரியாது. கோட்டம் எடுப்பதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. கோட்டம் எடுப்பது என்றால், ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு ஆடுகிற சக்கரத்தை நேராக ஓட வைப்பது. சக்கரத்தை ஸ்டாண்டில் மாட்டிச் சுற்றிவிட்டு, எந்த இடத்தில் உரசுகிறது என்று பார்த்து, அந்த இடத்துக் கம்பியைக் கொஞ்சம் இறுக்க வேண்டும், எதிர்க் கம்பியைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். அவசரப்பட்டால் இன்னொரு இடத்தில் கோணிக்கொள்ளும். அந்த வேலையை என்னிடம் கொடுத்திருந்தால் முதல் நாளே சக்கரத்தைத் தூக்கித் தெருவில் எறிந்திருப்பேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் நிற்கும். அவனுக்குக் கோபம் என்று ஒன்று எங்கே இருக்கிறது என்றே யாருக்கும் தெரியாது.

எனக்குக் கல்யாணம் ஆனபோது மனைவியோடு மச்சினனும் வீட்டுக்கு வந்தான். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று என் நண்பர்கள் கேலி செய்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் உள்ளுக்குள் கடுப்புதான். அவனுக்கு இருபதுகளில் மனநோய் வந்திருந்தது. யாரும் பேசாத அறையில் அவனுக்குக் குரல்கள் கேட்டன. அண்டை வீட்டுக்காரர் ஜன்னல் திறந்தால் தனக்கு ஏதோ ஜாடை காட்டுகிறார் என்று நினைத்தான். ஏகப்பட்ட மாத்திரைகள் மாற்றிப் பார்த்து, எதுவும் சரிப்படாமல், கடைசியில் ஒன்று பிடித்தது. அதன் பெயரைச் சொன்னால் வாய் சுளுக்கிக்கொள்ளும், ஆகவே எங்கள் வீட்டில் அது வெறும் ‘அந்த மாத்திரை’. லேசுப்பட்ட சரக்கில்லை அது. ரத்தத்தில் வெள்ளை அணுக்களைக் குறைத்துவிடக்கூடும் என்பதால் மாதாமாதம் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் கொடுத்து, சரியாக இருக்கிறது என்று அவர்கள் சொன்ன பிறகுதான் அடுத்த மாதத்துக்கான மாத்திரை கைக்கு வரும்.

அந்த மாத்திரையில் நன்றாக இருந்தபோது ஒரு முறை, இனி எதற்கு என்று அவனாகவே பாதியாகக் குறைத்துக்கொண்டான். அப்புறம் அதையும் விட்டான். சில வாரங்களில் ஆளையே காணவில்லை. எங்கள் கல்யாணத்துக்கு முந்தைய கதை இது. வேறு ஊர் பஸ் நிலையத்தில், காலில் செருப்பில்லாமல், உதடு வெடித்து, தன் பெயரைக்கூடச் சொல்லாமல் உட்கார்ந்திருந்தவனை என் மனைவிதான் கண்டுபிடித்துக் கூட்டிவந்தாள். அன்றிலிருந்து ஆஸ்பத்திரியின் மனநோய் வார்டில் அவன் வெகுகாலம் இருந்தான். அக்கா அவனைப் பார்க்கப் போவாள், அவன் அவளைப் பார்க்க மாட்டான். அதைப் பற்றி அவள் என்னிடம் சொன்னது ஒரே ஒரு தடவைதான்.

ஆகவே எங்கள் வீட்டில் தினமும் சாயங்காலம் ஒரு சடங்கு உண்டு. சாப்பாட்டுக்குப் பின் அவன் மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பான். அக்கா எதிரில் நிற்பாள். “ஆ காட்டு” என்பாள். நாற்பதை நெருங்கும் மனிதன், தாடியில் நரை வேறு, பெரிதாக வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டுவான். கல்யாணமான புதிதில் எனக்கு அதைப் பார்க்க வெட்கமாக இருக்கும். ஆளை இப்படி அவமானப்படுத்தலாமா என்று அவளிடம் சண்டைகூடப் போட்டேன். அதற்குப் பதில் அவன்தான் சொன்னான், அக்கா தூங்கணும் இல்ல மாமா, என்று. அன்றிலிருந்து அவனை எனக்குப் பிடித்துப்போயிற்று. அவனிடம் சொன்னதில்லை, இங்கே சொல்லிவிடுகிறேன்.

அவனிடம் எனக்குப் பிடிக்காத ஒரே விஷயம் சிகரெட். வார்டில் பழகியது. அங்கே பொழுதைத் தள்ள வேறு வழி கிடையாதாம். சாப்பிடும் நேரமும் தூங்கும் நேரமும் போக வாயில் ஒன்று புகைந்துகொண்டே இருக்கும். ஒன்று அணைவதற்குள் அடுத்ததைப் பற்றவைப்பான். விரல் நுனியெல்லாம் மஞ்சள். அவன் அறை கொல்லைப்பக்கம், சுவரெல்லாம் பழுப்பேறி, போர்வையை உதறினால் புகை நாற்றம் தெருமுனை வரை போகும். “ரயில் எஞ்சினைக் குடிவைத்த மாதிரி இருக்கு” என்று நான் தினமும் கத்துவேன். அவன் சிரித்துக்கொண்டே ஜன்னலைத் திறந்துவிடுவான். அதற்கு மேல் எதுவும் நடக்காது.

பிறகு, இனி இல்லை என்று நாங்கள் மனதைத் தேற்றிக்கொண்ட வயதில், எங்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது.

அவளை வீட்டில் எல்லோரும் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடினோம் என்றாலும் அவன் ஆடிய ஆட்டம் தனி. கடையிலிருந்து வந்ததும் நேராகக் குழாயடிக்குப் போய் கிரீஸ் போகத் தேய்த்துக் கழுவுவான். பிறகு குழந்தையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடப்பான். கடையில் அன்று வந்த சக்கரங்களைப் பற்றி அவளிடம் சொல்வான். எங்கள் யாரிடமும் பேசாத பேச்செல்லாம் அவளிடம் பேசினான். எந்த வண்டிக்காரர் எப்படிப் பள்ளத்தில் விட்டு ரிம்மை நெளித்தார், அதை இவன் எப்படி நிமிர்த்தினான் என்று விலாவாரியாகப் போகும். அவளும் ஏதோ புரிந்த மாதிரி கண்ணை அகலமாக விரித்துக் கேட்பாள்.

சில மாதங்களில் குழந்தைக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு இரைக்க ஆரம்பித்தது. ஒரு முறை சரியாகும், திரும்ப வரும். குழந்தை டாக்டர் வீட்டில் யார் புகைப்பார்கள் என்று கேட்டார். வெளியே போய்க் குடித்துவிட்டு வந்தாலும் சட்டையிலும் கையிலும் ஒட்டியிருப்பதே இந்தக் குழந்தைக்கு ஆகாது என்றார். வீட்டுக்கு வரும் வழியில், அவனிடம் நான் சொல்கிறேன் என்றேன். நீங்கள் சொன்னால் விளங்கிய மாதிரிதான், பேசாமல் இருங்கள் என்றாள் என் மனைவி. அது நியாயம்தான்.

அவளேதான் சொன்னாள். சமையலறை வாசலில் நின்றுகொண்டு, அவன் முகத்தைப் பார்க்காமல், டாக்டர் சொன்னதை அப்படியே ஒப்பித்தாள். குழந்தையைத் தூக்காதே என்று சொல்லிவிடுவாளோ என்று அவன் பயந்திருக்க வேண்டும். கேட்டு முடித்ததும் “சரிக்கா” என்றான். அவ்வளவுதான். மறுநாள் காலையில் அவன் அறையிலிருந்த போர்வை, சட்டை, ஜன்னல் துணி எல்லாம் கொடியில் ஈரமாகத் தொங்கின. சுவரைச் சோப்புத் தண்ணீரால் துடைத்துக்கொண்டிருந்தான். அதற்குப் பின் அவன் ஒரு சிகரெட்கூடத் தொடவில்லை.

நான் நம்பவில்லை. இந்த வாரத்துக்குள் கொல்லைச் சுவருக்குப் பின்னால் போய் நிற்பான் பார் என்று மனைவியிடம் சொன்னேன். திருட்டுத்தனமாகப் போய்ச் சுவருக்குப் பின்னால் துண்டு ஏதாவது கிடக்கிறதா என்று தேடியும் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அவன் லவங்கத்தை வாயில் அடக்கிக்கொண்டு, கால் ஓரிடத்தில் நிற்காமல், வேர்த்து விறுவிறுத்துத் திரிந்தான். ஆனால் தொடவில்லை. தானும் சிகரெட் பிடிக்கும் சைக்கிள் கடைக்காரர் எங்கள் வீடு வரை வந்து, இவனுக்கு என்ன செய்தீர்கள், எனக்கும் செய்யுங்கள் என்று கேட்டுவிட்டுப் போனார். பார்சல் ஆபீஸில் நான் என் மச்சினனைப் பற்றிப் பெருமையடித்துக்கொண்டது அப்போதுதான். அங்கே சரக்கு ஏற்றி இறக்குவதை மேற்பார்வை பார்ப்பது என் வேலை, பெருமையடிக்க நிறைய நேரம் கிடைக்கும்.

கொஞ்ச நாளில் அவன் காலையில் எழுந்திருக்கத் தாமதமாயிற்று. சிகரெட் இல்லாத அசதி என்று விட்டுவிட்டோம். பிறகு தலையணை நனைகிற அளவுக்கு எச்சில் வடிந்தது. மாத்திரை ஆரம்பித்த காலத்தில் அப்படி இருந்ததுதான், அப்புறம் போய்விட்டது, இப்போது திரும்ப வந்தது. பேச்சு குழறியது. உட்கார்ந்த இடத்திலேயே தலை தொங்கியது. டீ டம்ளர் கையிலிருந்து நழுவியது. கடையில் அவன் கோட்டம் எடுத்துக் கொடுத்த சக்கரம் முன்னைவிட மோசமாக ஆடுகிறது என்று ஒருவர் திருப்பிக் கொண்டுவந்தார். அவன் வேலையில் அப்படி நடந்ததே கிடையாது. கடைக்காரர் நல்ல மனுஷன், திட்டவில்லை. கொஞ்ச நாள் வீட்டில் ஓய்வெடு என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

மாத்திரை விஷயத்தில் ஏமாற்றுகிறான், நாக்குக்கு அடியில் வைத்து அப்புறம் துப்புகிறான், அதனால்தான் நோய் திரும்புகிறது என்று என் மனைவி முடிவுகட்டிவிட்டாள். கண்கொத்திப் பாம்பாக அவனைக் கவனித்தாள். ஆ காட்டுவது போதாது என்று மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கலக்கி, டம்ளரில் ஒரு துளி ஒட்டியிருந்தாலும் கழுவி அதையும் குடிக்கவைத்தாள். அவன் மறுக்கவே இல்லை. துப்பலைக்கா என்று ஒரு தடவை சொன்னான். அவள் நம்பவில்லை. நானும் நம்பவில்லை என்பதுதான் உண்மை.

ஒரு நாள் மத்தியானம் அவன் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துகொண்டிருந்தான். நான் நாற்காலியில் உட்கார்ந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். அவன் முழங்கால் மடிந்ததைப் பார்த்தேன். தூங்குகிறவன் சரிகிற மாதிரி அப்படியே சரிந்தான். எப்படிப் பாய்ந்தேன் என்று தெரியாது, குழந்தை என் கையில் இருந்தது, அவன் தரையில் கிடந்தான். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை, சிரிக்கக்கூடச் செய்தாள். எனக்குத்தான் போன உயிர் திரும்பி வந்தது. வாய்க்கு வந்தபடி கத்தினேன். அவன் எழுந்து உட்கார்ந்து, தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு அவன் குழந்தை பக்கமே வரவில்லை. அவள் அவனைப் பார்த்துக் கையை நீட்டி அழுவாள், இவன் கொல்லைப்பக்கம் போய்விடுவான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பையோடு என் முன்னால் வந்து நின்றான். உள்ளே இரண்டு சட்டை, துண்டு, சோப்பு டப்பா.

“மாமா, என்னை வார்டுல கொண்டுபோய் விட்டுடுங்க. அக்காகிட்ட நீங்க சொல்லுங்க.”

என்னடா உளறுகிறாய் என்று கேட்டேன்.

“திரும்ப வருது மாமா. இந்தத் தடவை சத்தமே கேக்கலை. சத்தம் இல்லாம வருது. குழந்தை இருக்கற வீட்ல நான் இருக்கக் கூடாது.”

வார்டு என்ற சொல்லைக் கேட்டாலே ஒதுங்கிப்போகிறவன் அவன். மாதாமாதம் ரத்தம் கொடுக்கப் போகும்போதுகூட அந்த வார்டுப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு போவான். அவனே பையைக் கட்டிக்கொண்டு வந்து நிற்கிறான். எனக்கு வழக்கம்போலக் கோபம் வந்தது, ஆனால் யார் மேல் காட்டுவது என்று தெரியவில்லை. பையை வாங்கிக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டு, நாளைக்கு டாக்டரைப் பார்ப்போம், அவர் சொல்லட்டும் என்றேன். எங்கள் இரண்டு பேருக்கும் டீ போட்டு, அவனுக்குக் கொடுத்துவிட்டு, என்னுடையதைக் குடிக்க மறந்துவிட்டேன்.

அவனைப் பல வருஷம் பார்த்த டாக்டர் மாற்றலாகிப் போய், சமீபத்தில் ஒரு டாக்டரம்மா வந்திருந்தார். குரலை உயர்த்தாத மனுஷி. அவன் கையை நீட்டச் சொல்லி நடுக்கம் பார்த்தார், கண்ணில் வெளிச்சம் அடித்தார், நேர்க்கோட்டில் நடக்கச் சொன்னார். அவன் கோணலாக நடந்தான். குரல் ஏதும் கேட்கிறதா, யாராவது பின்தொடர்கிற மாதிரி இருக்கிறதா என்றார். இல்லை, தூக்கம்தான் என்றான். என் மனைவி, மாத்திரையைத் தான் எப்படிப் பொடித்து, எப்படிக் கலக்கி, எப்படிக் கடைசித் துளிவரை ஊற்றுகிறாள் என்பதை விளக்கினாள். டாக்டரம்மா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். உள்ளே சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டியிருக்கலாம் என்று மெதுவாகச் சொன்னார். என் மச்சினன் தலையை ஆட்டினான். மனைவி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். நகம் பதிந்தது.

எழுதிக்கொண்டே டாக்டரம்மா, குடிப்பழக்கம், கஞ்சா, வேறு ஏதாவது உண்டா என்று கேட்டார். எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். ஆனால் என் மனைவிக்கு எங்கிருந்தோ ஆவேசம் வந்துவிட்டது.

“சிகரெட்டையே விட்டுட்டான் டாக்டர் என் தம்பி. அவனைப் போய் என்ன கேக்கறீங்க?”

டாக்டரம்மாவின் பேனா நின்றது. எப்போது விட்டார், எத்தனை பிடித்துக்கொண்டிருந்தார், கொஞ்சம் கொஞ்சமாக விட்டாரா, ஒரேயடியாகவா என்று அடுக்கடுக்காகக் கேட்டார். நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, “இதை யாராவது முன்னாடியே உங்ககிட்டச் சொல்லியிருக்கணும்” என்றார்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். நாம் விழுங்குகிற மாத்திரை வேலை முடிந்ததும் உடம்பிலேயே தங்கிவிடக் கூடாது, சேர்ந்துகொண்டே போனால் அதுவே விஷமாகிவிடும். அதனால் கல்லீரலில் நொதிகள் என்று ஒரு கூட்டம் உட்கார்ந்திருக்கிறது. மருந்தோ, டீயிலிருக்கும் காஃபினோ, மதுவோ, உடம்புக்கு வெளியிலிருந்து எது வந்தாலும் அதை உருமாற்றி, வெளியே போகிற பக்குவத்துக்குக் கொண்டுவந்து அனுப்பிவிடுவது அவற்றின் வேலை. ஒரு வகைச் சரக்குக்கு ஒரு வகை நொதி. சிலருக்குப் பிறவியிலேயே ஒரு நொதி சுறுசுறுப்பு, சிலருக்கு மந்தம். ஒரே மாத்திரை ஒருவரைத் தூங்கவைக்கும், இன்னொருவருக்கு உறைக்கவே உறைக்காது. காய்ச்சல் வந்தால்கூட அந்தக் கூட்டம் சோர்ந்துபோகுமாம்.

சிகரெட் புகையில் இருக்கும் கரிப்பொருள்கள் உள்ளே போனால், அவற்றைச் சமாளிக்க உடம்பு அந்தக் கூட்டத்தில் ஒரு நொதியைக் கூடுதலாக உண்டாக்கிக்கொள்கிறது. போதை தருகிற நிக்கோடினுக்கு இதில் பங்கில்லை, புகைதான் காரணம். இவனுடைய மாத்திரையைக் கரைத்து அனுப்புவதும் அதே நொதிதான். எனக்கு உடனே விளங்கிவிட்டது, எங்கள் ஆபீஸ் கதைதான் இது. சீசனில் மூட்டை வந்து குவியும், கூடுதல் ஆள் போடுவோம். ஆள் நிறைய இருப்பதால் மற்றச் சரக்கும் மளமளவென்று வெளியே போகும். சீசன் முடிந்ததும் கூடுதல் ஆட்களை அனுப்பிவிடுவோம். அப்போது வழக்கமான சரக்கைக் குறைக்காமல் இறக்கிக்கொண்டே இருந்தால் கோடவுனில் கால் வைக்க இடம் இருக்காது. இவன் இத்தனை வருஷம் சாப்பிட்ட மாத்திரை, அந்தப் புகைக்கும் சேர்த்துக் கணக்குப் போட்ட அளவு. புகையை நிறுத்தினான், ஆட்கள் வேலையை விட்டுப் போய்விட்டார்கள், மாத்திரை மட்டும் அதே அளவு இறங்கிக்கொண்டே இருந்தது. அதையும் என் மனைவி ஒரு துளி சிந்தாமல் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

மாதாமாதம் ரத்தம் எடுத்தார்களே என்று நான் குரலை உயர்த்தினேன். அது வெள்ளை அணுக்களைப் பார்க்கத்தான், மருந்து எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேறு பரிசோதனை, கேட்டால்தான் செய்வார்கள் என்றார். “உங்க கோபம் நியாயம்தான்” என்றும் சொன்னார். அப்படிச் சொல்லிவிட்டால் மேற்கொண்டு எப்படிக் கத்துவது?

அன்றே மாத்திரையைக் கொஞ்சம் குறைத்தார். ரத்தத்தைப் பெரிய பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினார். டீயையும் அதே நொதிதான் பார்த்துக்கொள்கிறது, இவன் நாள் முழுக்கக் குடிக்கிற டீயும் மாத்திரையோடு சேர்ந்து அதை நெரிக்கும், கொஞ்சம் குறைக்கட்டும் என்றார். “டீயுமா?” என்று என் மச்சினன் பரிதாபமாகக் கேட்டான். அவ்வளவு களேபரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே சேர்க்க வேண்டாம், வீட்டிலேயே இருக்கட்டும், முடிவு வரும்வரை யாராவது கூடவே இருங்கள் என்றார்.

வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்ததும் என் மனைவி இடிந்துபோனாள். விடச் சொன்னதும் நான்தான், பொடித்து ஊற்றினதும் நான்தான் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். எனக்கு ஆறுதல் சொல்ல வராது. டாக்டருக்கே கேட்டுத்தான் தெரிந்தது, உனக்கு எப்படித் தெரியும் என்று எரிந்து விழுந்தேன். அவன் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, பாதித் தூக்கத்தில் தலை தொங்க, அவள் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தான்.

முடிவு வந்தது. ரத்தத்தில் மாத்திரை, இருக்க வேண்டிய அளவைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதற்குள் அவன் நேராக நடக்க ஆரம்பித்திருந்தான், பேச்சில் குழறல் போய்விட்டது. இன்னும் படிப்படியாகக் குறைத்து, குறைந்த அளவிலேயே நிறுத்திவிடலாம் என்றார் டாக்டரம்மா. நான் ஒன்றை இப்போதே சொல்லிவிட்டால் நீங்கள் நிம்மதியாகக் கேட்பீர்கள். அவன் இன்று அந்தக் குறைந்த அளவில்தான் இருக்கிறான், கடைக்குப் போகிறான், கோட்டம் எடுக்கிறான். ஆனால் அன்று எங்களுக்கு அது தெரியாது. மாத்திரையைக் குறைப்பது என்றால் எங்கள் வீட்டில் அதற்கு ஒரே அர்த்தம்தான், அந்தப் பஸ் நிலையம்.

என் மனைவி அதைச் சொல்லிக் கேட்டாள். போன தடவை அவராகக் குறைத்துக்கொண்டார், இந்தத் தடவை நாம் ரத்தத்தைப் பார்த்துப் பார்த்துக் குறைக்கிறோம், மாத்திரை குறைந்தாலும் ரத்தத்தில் அது பழைய அளவிலேயேதான் இருக்கும் என்று டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். திரும்பவும் புகைக்க ஆரம்பித்தால் மட்டும் உடனே வந்து சொல்லிவிட வேண்டும், அப்போது கணக்கு மறுபடி மாறும் என்றார். என் மனைவி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஒன்றும் உள்ளே இறங்கவில்லை என்பது அவள் நடையிலேயே தெரிந்தது. வீட்டு வாசல் வரை வந்துவிட்டு, நீங்கள் போங்கள், கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்றாள். பால் வாங்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

திரும்பி வந்தவள் முந்தானைக்குள்ளிருந்து ஒரு சிகரெட் பாக்கெட்டை எடுத்து, அவன் முன்னால் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். அவன் பிடிக்கிற அதே சிகரெட். பக்கத்தில் தீப்பெட்டியும் வைத்தாள். அவளே பிரித்து ஒன்றை வெளியே இழுத்தும் வைத்தாள்.

“குடிடா. எல்லாம் பழைய மாதிரியே இருக்கட்டும். மாத்திரையும் முழுசா போட்டுக்கோ. பாப்பாவை நான் முன் ரூம்லயே வெச்சுக்கறேன். உன்னை இன்னொரு தடவை தேடிப் போக என்னால முடியாதுடா.”

நான் யார் பக்கம் பேசுவது? குழந்தை என் இடுப்பில் இருந்தது, ஒரு பக்கம் அவளுடைய மூச்சு. இன்னொரு பக்கம் என் மனைவி தேடிப் போன அந்தப் பஸ் நிலையம்.

அவன் சிகரெட்டை எடுத்தான். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தான். ஆசை இல்லாமல் இல்லை, முகத்திலேயே தெரிந்தது. கொஞ்ச நேரம் விரல்களுக்கு நடுவே வைத்துக்கொண்டிருந்தான். பிறகு அதைப் பாக்கெட்டுக்குள் திரும்பச் செருகி, மூடி, அவள் பக்கம் நகர்த்தினான்.

“அக்கா, எனக்கு நோய் தானா வந்துது. வார்டுக்கு யாரோ கொண்டுபோனாங்க. மாத்திரை டாக்டர் கொடுத்தது. வாயைத் திறன்னா திறந்தேன். என் வாழ்க்கையில நானா செஞ்ச நல்லது, சிகரெட்டை விட்டது ஒண்ணுதான். இதைத் திருப்பிக் கேக்காதே.”

அவள் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பாக்கெட்டையும் தீப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு போய்க் குப்பைக்கூடையில் போட்டாள். போட்ட கையை முகர்ந்து பார்த்தாள்.

“கையெல்லாம் அந்த நாத்தம். கழுவிட்டு வர்றேன். பாப்பாவைக் கொஞ்சம் வெச்சுக்கோ.”

என்னிடம்தான் குழந்தை இருந்தது. ஆனால் அவள் அதை அவனைப் பார்த்துத்தான் சொன்னாள்.

அவன் நாற்காலியிலிருந்து எழுந்தான். சுவரோரமாகப் போய்த் தரையில் உட்கார்ந்தான். முதுகைச் சுவரில் நன்றாகச் சாய்த்து, காலை நீட்டி, தொடையை ஒரு முறை தட்டிப் பார்த்துக்கொண்டு, இரண்டு கைகளையும் என் பக்கம் நீட்டினான். நான் குழந்தையை அவன் மடியில் வைத்தேன். உள்ளே குழாய் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. கை கழுவ அவ்வளவு நேரம் ஆகாது. நான் போய்ப் பார்க்கவில்லை.